காப்பு இல்லாத காடு

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் பேசலாமே என்று உன் மாமா சொன்னார். பேசினால் நான் கத்துவேன். நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் வந்தால் முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். காட்டை விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிடு என்று நீ சொன்னதும், வாயைக் கழுவிக்கொண்டு வந்து பேசு என்று நான் சொன்னதும் தனி விவகாரம். அதை இதில் சேர்க்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

நேற்று ஊர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு பெரிய வரைபடம் ஒட்டியிருந்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் நிலத்தை விரலால் தொட்டுத் தொட்டு அது அழுக்காகிக் கிடந்தது. நம் காட்டைத் தேடினேன். ஓடைக்கு இந்தப் பக்கம், கிணற்றிலிருந்து மேட்டு வரப்பு வரை, கரும்பச்சை. காப்புக்காட்டுக்கு அடித்த அதே பச்சை. கீழே மூலையில் பொடி எழுத்தில், நீ வரைபடம் போடும் அலுவலகத்தின் பெயர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். உன் அலுவலகம்தான்.

எழுத்தர் சொன்னார்: "பச்சையா இருக்கறதெல்லாம் காப்புக்காட்டுல சேரப்போகுதும்மா. மே மாசம் விசாரணை. ஆட்சேபம்னா எழுதிக் குடுங்க."

சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். உழக் கூடாது, வெட்டக் கூடாது, கிணறு ஆழப்படுத்தக் கூடாது, குடியிருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு தருவார்கள் என்றார். தருவார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இப்போது கேள். அந்த வேலியைப் போட்டுக் காப்புக்காடு என்று பலகை நட்டபோது நீ கல்லூரியில் இருந்தாய். ஆடு உள்ளே போகக் கூடாது, விறகு எடுக்கக் கூடாது என்றார்கள். நாங்கள் போகவில்லை. உள்ளே மரம் அடர்ந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்பது அதனால்தான். ஆனால் உள்ளே போக முடியாதவர்கள் விறகுக்கு எங்கே போவார்கள்? வெளியே இருந்த புதரை எல்லாம் வழித்தார்கள். அப்புறம் செங்கல் சூளை வந்தது. அப்புறம் காட்டை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு விடுதி, விடுதிக்கு நீச்சல் குளம். உள்ளே பெருகிய பன்றிக்கும் மானுக்கும் வெளியே மேய இடம் இல்லாமல் போய் நேராக என் சோளத்துக்கு வந்தன. கடலை போட்டால் பன்றி தோண்டியது. துவரை போட்டால் மான் மேய்ந்தது. மேல்காட்டில் உழவை விட்டோம். விட்ட இடத்தில் மரம் தானாக முளைத்தது. நான் நட்டதில்லை.

உங்கள் மிருகம் என்னை மேல்காட்டிலிருந்து விரட்டியது. இப்போது உங்கள் படம், அது ஏற்கனவே காட்டு மரம், எங்களுக்கே சொந்தம் என்கிறது. ரொம்ப நல்ல ஏற்பாடு.

நீ போட்ட பச்சையை நீயே அழி. எழுத்துக்கூட்டிப் படிக்க நான் கற்றதே நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வீசியெறிந்த புத்தகங்களில். அதனால் வரைபடம் எனக்குப் புரியாது என்று எழுதாதே.

அக்கா

-

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாக இருந்தது. பிரித்த பிறகு இல்லை.

வரைபடம் உனக்குப் புரியாது என்று நான் எழுத மாட்டேன். எப்படிப் போடுகிறோம் என்று மட்டும் சொல்கிறேன். மேலிருந்து எடுத்த படம் எங்களுக்கு வரும். அதைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, இலை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் விதத்தை வைத்துக் கம்ப்யூட்டர் வண்ணம் கொடுக்கும். நம் வீடும் களமும் சேர்ந்தால் ஒரு சதுரம். அது சோளம் விதைத்தவரைத் தெரிந்துகொள்ளாது. இலை இருக்கிறதா, எவ்வளவு அடர்த்தி, எத்தனை மாதம் பச்சை, அவ்வளவுதான். நாங்கள் சரிபார்ப்போம். உன் மேல்காட்டில் மரம் இருக்கிறது அக்கா. பச்சை என்பது தப்பு இல்லை.

இன்னொன்று. மூன்று வருடம் முன்புதான் மேல்காட்டை விட்டோம் என்று மாமா போன தடவை சொன்னார். படத்தில் அதற்கு வெகு முன்பே அங்கே மரம் தெரிகிறது. விசாரணையில் இதைக் கேட்பார்கள். முன்கூட்டியே சொல்கிறேன்.

ஏன் கோட்டைத் தள்ளுகிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். வேலிக்குள் மரம் கூடியிருக்கிறது. வேலியை ஒட்டி வெளியே ஒரு வளையம் போல மரம் குறைந்துகொண்டே வருகிறது. நீ எழுதியதைத்தான் நாங்கள் எண்களில் எழுதி மேலே அனுப்பினோம். உள்ளே தடுத்த வெட்டு நின்றுபோகவில்லை, வெளியே நகர்ந்துவிட்டது என்று எழுதினோம். அதைப் படித்தவர்கள், அப்படியானால் வெளியே இருப்பதையும் உள்ளே இழுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு என் கையில் இல்லை.

உனக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியில் என் அக்கா நிலம் இருக்கிறது என்று நானே மேலதிகாரியிடம் சொன்னேன். அந்தப் பகுதி வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதுதான் முறை.

ஆட்சேப மனு எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து எழுதி அனுப்பு. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி

-

மார்ச் 2

தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது.

என் நிலம் உன் கையில் இருந்தது. அதை எடுத்துப் போய் இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, முறை என்கிறாய். திருடன் வருகிறான் என்று தெரிந்ததும் காவலை விட்டு எழுந்து போவதற்கு உங்கள் அலுவலகத்தில் முறை என்று பெயர் போலிருக்கிறது.

படம் பொய். மேல்காட்டில் மூன்று வருடம் முன்பு உன் மாமா உழுதார். ஏர் கட்டிக்கொண்டு காலையில் போவார், வெயில் ஏறியதும் வருவார். நான் கண்ணால் பார்த்தேன்.

உன் மாதிரி மனுவைப் படித்தேன். "மேற்படி", "மேலே கண்ட", "பணிவுடன்". என் நிலத்தை எடுக்க வருகிறவனிடம் நான் ஏன் பணிய வேண்டும்? நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்கும் தெரிய வேண்டும் என்று கீழே எழுதுகிறேன்:

"எங்கள் காட்டை உங்கள் காப்புக்காட்டோடு சேர்க்கக் கூடாது. எங்கள் அப்பா காலத்திலிருந்தே அது காடுதான். நாங்கள் அந்தக் காட்டை நம்பித்தான் பிழைக்கிறோம். உயிரே போனாலும் காட்டை விட மாட்டோம்."

எழுத்தர் படித்துவிட்டு, "சுருக்கமா, நறுக்குன்னு இருக்கும்மா" என்றார்.

ஊரில் வேறொரு கூத்து ஆரம்பித்திருக்கிறது. கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரன், மோட்டார் பம்பு பழுது பார்ப்பவன், உனக்குத் தெரியும், நீயும் அவனும் ஒன்றாகத்தான் கிணற்றில் குதிப்பீர்கள். அவன் வந்து வாசலில் உட்கார்ந்தான். "அக்கா, மரம் இருந்தாத்தானே பச்சை தெரியும்? மே மாசத்துக்குள்ள மொட்டையடிச்சிட்டா எவன் வந்து என்ன கேப்பான்? மெஷின் சொல்லியிருக்கேன். உங்களுதையும் சேர்த்து முடிச்சிடலாம்" என்றான்.

எல்லாரும் வெட்டப் போகிறார்களாம். விடுதிக்காரன் கூட, வேலியோரம் அழகுக்கு விட்டிருந்ததை வெட்டுகிறானாம்.

நான் வெட்ட மாட்டேன் என்றேன். "ஏன்?" என்றான். சொல்லவில்லை. உனக்கும் சொல்ல மாட்டேன். ஒருத்தன் வரைபடம் போட்டான் என்பதற்காக நான் மரத்தை வைத்திருக்கவும் மாட்டேன், வரைபடம் போட்டான் என்பதற்காக வெட்டவும் மாட்டேன். மேல்காட்டில் எனக்கு வெட்ட வேண்டும் என்று தோன்றுகிற அன்றைக்கு வெட்டுவேன்.

அக்கா

-

மார்ச் 11

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மாமா எடுத்தால் நான் சொல்வது அவர் காதில் விழுவதில்லை. அதனால் இதைக் கவனமாகப் படி.

உன் மனு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. உன் பகுதியைப் பார்க்கிறவர் என் பக்கத்து மேசைக்காரர். நல்ல மனிதர். மாடி வீட்டில் பிறந்து மாடி வீட்டில் வளர்ந்தவர். அவர் மனுவைச் சத்தமாகப் படித்தார். "எல்லாரும் ஆட்சேபம் எழுதியிருக்காங்க, இந்தம்மா மட்டும் சம்மதம் எழுதியிருக்காங்களே" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அப்பா காலத்திலிருந்தே காடு என்று நீ எழுதியிருக்கிறாய். அவர் அதை வனம் என்று படித்தார். காட்டை நம்பிப் பிழைக்கிறோம் என்பதை, வனத்தைச் சார்ந்து வாழும் குடும்பம் என்று குறித்துக்கொண்டார். பரம்பரையாகவே வனம் என்பதை உரிமையாளர் ஒப்புக்கொள்கிறார் என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்.

"எங்க ஊர்ல காடுன்னா உழுற நிலம் சார்" என்றேன்.

"அப்ப வனத்துக்கு என்ன சொல்வீங்க?"

"அதையும் காடுன்னுதான் சொல்வோம்."

"எதைச் சொல்றீங்கன்னு எப்படித் தெரியும்?"

"போறவங்க கையில என்ன இருக்குன்னு பாத்தாத் தெரிஞ்சுடும் சார். மண்வெட்டி இருந்தா இந்தக் காடு. வெறும் அரிவாள்னா அந்தக் காடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் எழுதியதை அழிக்கவில்லை. எழுத்தில் வந்ததை எழுத்தில்தான் மாற்ற முடியும், அதுவும் எழுதியவரே மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரி.

ஒரே ஒரு வார்த்தை அக்கா. காடு என்று வரும் இடத்தில் எல்லாம் "புன்செய் நிலம்" என்று போட்டுப் புது மனு கொடு. வேறு எதையும் மாற்ற வேண்டாம். பணிவுடன் என்று கூடப் போட வேண்டாம்.

தம்பி

-

மார்ச் 18

தம்பிக்கு,

மாற்ற மாட்டேன்.

அப்பா ஒருநாளும் புன்செய்க்குப் போனதில்லை. காட்டுக்குத்தான் போனார். அம்மா காட்டுக்குத்தான் சோறு கொண்டுபோனாள். நீ காட்டில்தான் நடக்கப் பழகினாய், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. புன்செய் என்பது வரி வசூலிக்க வந்தவன் வாயில் இருந்த சொல். நிலத்தை அவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று எழுதும் தாளில் அவன் வார்த்தையை எழுதச் சொல்கிறாய். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது மாடி வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை என்றால் அவன் கற்றுக்கொள்ளட்டும். நான் இந்த வயதில் கற்றுக்கொள்ளவில்லையா?

இன்னொன்றையும் யோசி. வேலியோரத்தில் அவர்கள் நட்ட பலகையில் என்ன எழுதியிருக்கிறது? காப்புக்காடு. வெறும் காடு என்று எழுதவில்லையே. காப்பு இல்லாத காடு ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் தெரியாத மாதிரி சிவப்பு மையில் எழுதுகிறார்கள்.

உன் மாமாவிடம் இதைச் சொன்னேன். "நீ சொல்றது சரிதான், ஆனா நிலம் போயிட்டா சொல்லை வச்சு என்ன பண்ணுவ?" என்றார். காது கேட்காதவர் தேவையானதை மட்டும் கேட்டுக்கொள்கிறார்.

இங்கே வெட்டு நடக்கிறது. காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரை மெஷின் சத்தம். வேலியை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கு வரை, ஒருவனைப் பார்த்து ஒருவன். நாலு மரம் வைத்திருந்தவனும் வெட்டுகிறான். பம்புக்காரன் தன் மோட்டார் கொட்டகைக்கு நிழல் கொடுத்த மரத்தையும் விடவில்லை. இப்போது மோட்டார் சூடாகி நின்றுவிடுகிறதாம். பம்பு பழுது பார்ப்பவன் வீட்டு மோட்டாரே நின்று கிடக்கிறது. நான் கேட்டேன், "உன் மோட்டாருக்கு யாரைக் கூப்பிடுவ?" என்று.

போன வாரம் வனத்துறை ரேஞ்சர் வந்து பார்த்தார். கட்டைகளுக்கு நடுவில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காப்பாற்றப் போகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், ஒரு மாதத்தில் இப்படி ஆகிவிட்டதே என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஒருத்தர்தாம்மா மரத்தோட அருமை தெரிஞ்சவங்க" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. "அருமையும் தெரியாது, பெருமையும் தெரியாது, அது என் காடு" என்றேன். அவரும் அதை எப்படி எழுதிக்கொண்டாரோ.

அக்கா

-

ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இந்த மாதப் படம் வந்துவிட்டது. வேலிக்கு வெளியே முழுவதும் பழுப்பு. அதன் நடுவில் உன் மேல்காடு மட்டும் பச்சையாக, சட்டையில் வேறு நிறத் துணி வைத்து ஒட்டுப் போட்டது மாதிரி இருக்கிறது. வெளியே மரம் குறைகிறது, அதனால் கோட்டைத் தள்ளுங்கள் என்று எழுதியவர்கள் நாங்கள். வருடக்கணக்காக மெதுவாகக் குறைந்துகொண்டிருந்ததை, எங்கள் வரைபடம் ஒரு கோடையில் முடித்துவிட்டது. இதையும் எண்களில் எழுதி மேலே அனுப்பியிருக்கிறோம். யார் படிப்பார்கள் என்று தெரியாது.

உன் நிலத்தைப் பற்றி இரண்டு பேச்சு இருக்கிறது. வெளியே எதுவும் மிஞ்சவில்லை, திட்டத்தையே விட்டுவிடலாம் என்று ஒரு பேச்சு. மிஞ்சியிருப்பது அந்த ஒரு நிலம்தான், அது ஓடையை ஒட்டித்தான் இருக்கிறது, உரிமையாளரும் ஒப்புக்கொள்கிறார், அதையாவது சேர்ப்போம் என்று இன்னொரு பேச்சு. எது ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் மனு இரண்டாவது பேச்சுக்குத்தான் உதவுகிறது. விசாரணைக்கு நீ நேரில் போக வேண்டும். உறவினர் என்பதால் நான் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததையும் எழுதிவிடுகிறேன். சேர்ந்தால்தான் என்ன என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. பன்றிக்குக் காவல் இருக்க வேண்டாம். மழையில் ஓடையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். மாமாவுக்கும் வயதாகிறது. உனக்கு எது நல்லது என்று யோசிக்கிற உரிமை எனக்குக் கொஞ்சம் கூடவா இல்லை? நீ தூக்கி வளர்த்தவன் நான். அதற்காக எப்போதும் இடுப்பிலேயே இருக்க முடியாது.

இன்னொன்று. மேல்காட்டில் எப்போது மரம் வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த இடத்தை நான் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதுப் படம் வந்தால் வேலையை ஆரம்பிக்கும் முன் முதலில் உன் வீட்டைத் தேடுவேன். தகரக் கூரை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அது இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றதைப் பார்ப்பேன். இரண்டு வருடமாக நான் வரவில்லை என்று உனக்குக் கோபம் இருப்பது தெரியும், அதற்காகச் சொன்னேன்.

தம்பி

-

மே 14

தம்பிக்கு,

கூரையைப் பார்த்தவன் வாசலுக்கு வந்திருக்கலாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் ஆட்கள் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் வைத்தார்கள். விசாரணை அதிகாரி ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். முதலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லாரும் ஒரே பதில்: என் நிலத்தில் மரமே இல்லை அம்மா, வேண்டுமானால் வந்து பாருங்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் என் முறை. என் மனுவை மெதுவாகப் படித்தார்.

"அம்மா, இதை நீங்களே எழுதினீங்களா?"

"நானேதான்."

"அப்பா காலத்துல இருந்து காடுதான்னு எழுதியிருக்கீங்க. ஒரே வார்த்தையில சொல்லுங்க. அது காடா, இல்லையா?"

பின்னால் இருந்து பம்புக்காரன், "நிலம்னு சொல்லுங்கக்கா, நிலம்னு சொல்லுங்க" என்று முணுமுணுத்தான். நீயும் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் முணுமுணுத்திருப்பாய்.

"காடுதான்" என்றேன்.

"அப்ப சேர்த்துக்கலாமா?"

"உங்க பலகையில காப்புக்காடுன்னு எழுதியிருக்கு. காப்பு இல்லாத காடு ஒண்ணு இருக்கப்போய்த்தானே அப்படிப் பிரிச்சு எழுதினீங்க? அது என்னோடது. உங்களுது வேலிக்கு அந்தப் பக்கம்."

ஹாலில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், இதை எப்படிக் குறிப்பது என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. பிறகு மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். முழங்கால் வலித்தது. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

பதினைந்து பேர் நிலத்தோடு சேர்த்து என் நிலத்தையும் விட்டுவிட்டார்கள். கோடு பழைய வேலியிலேயே நிற்கும். என் பேச்சால் விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். வாசலில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க ஒரு நிலத்துக்காக வேலியை நீட்ட முடியாதும்மா. சுத்தி மரம் இருந்திருந்தா கண்டிப்பா எடுத்திருப்போம். சுத்தி ஒண்ணுமில்லை." அவ்வளவுதான் காரணம்.

ஆகவே தெரிந்துகொள். மனுவைப் படித்து விடவில்லை. என் சொல்லைக் கேட்டு விடவில்லை. பம்புக்காரன் மெஷினால் என் நிலம் தப்பியது. அவனிடமே இதைச் சொன்னேன், அவனாகத் தெரிந்துகொண்டு சொல்லிக்காட்டும் முன். அவன் பல்லைக் காட்டினான். ஊரில் நான் மரத்தைக் காப்பாற்றினேன் என்றும் சொல்கிறார்கள், மனுவால் ஜெயித்தேன் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் பொய். மறுத்து மறுத்து வாய் வலிக்கிறது.

சேர்ந்தால்தான் என்ன என்று எழுதியிருந்தாயே. அந்த வரியை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் உன் பக்கம் சாய்ந்துவிடுவார். எனக்கு எது நல்லது என்று யோசிக்க உனக்கு உரிமை உண்டு. நான் கேட்டு நடப்பேன் என்று எதிர்பார்க்க மட்டும் உரிமை கிடையாது.

அக்கா

-

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கோடு நிற்கும் என்று தெரிந்த அன்று அலுவலகத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர், "உங்கக்காவோட பலகை விஷயம் இங்க வரைக்கும் வந்திடுச்சு" என்றார். இப்போது அவர் யாராவது காடு என்றால், "காப்போடவா, காப்பு இல்லாமலா?" என்று கேட்கிறார். அலுவலகமே கேட்கிறது. என்னால் வேலை செய்ய முடியவில்லை.

விசாரணை முடிந்துவிட்டதால் உன் பகுதி என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. புது வரைபடம் போட வேண்டும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வகை குறிக்க வேண்டும். வனம், சாகுபடி, தரிசு, கட்டடம், நீர். மேல்காட்டை எதில் போடுவது? வனம் என்று போட்டால் மறுபடியும் ஒருநாள் யாராவது கோட்டை நீட்ட வருவார்கள். சாகுபடி என்று போட்டால் பொய். தரிசு என்று போட்டால் நீ என்னைச் சும்மா விட மாட்டாய். சொந்தக்காரரைக் கேட்டுக் குறிக்கலாம் என்று விதி இருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

மழை ஆரம்பித்துவிட்டதா?

தம்பி

-

ஜூன் 12

தம்பிக்கு,

ஆரம்பித்துவிட்டது. வெட்டிய இடங்களில் மண் கரைந்து ஓடைக்குப் போகிறது. ஓடை செம்மண் நிறம். நம் பக்கம் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. இதை ரேஞ்சரிடம் சொல்லாதே, மறுபடியும் அருமை என்று ஆரம்பிப்பார்.

உன் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். சுற்றி மறைவு இல்லாமல் போனதால் பன்றி எல்லாம் என் மேல்காட்டில் வந்து தங்கிவிட்டது. ராத்திரி ராத்திரி அங்கிருந்து இறங்கி எல்லார் பயிரையும் தோண்டுகிறது. ஊரே திரண்டு என் வாசலுக்கு வந்தது. முன்னால் யார்? பம்புக்காரன். "அக்கா, உங்க காட்டுல இருந்துதான் பன்னி வருது. நீங்களும் வெட்டிருங்க. இல்லேன்னா நாங்க வனத்துறைக்கு மனு குடுப்போம்" என்றான்.

"என்னன்னு குடுப்ப?"

"அந்தக் காட்டை எடுத்துக்கோங்கன்னு."

"மார்ச் மாசம் எடுக்க வந்தப்ப மரத்தை வெட்டித் தடுத்தீங்க. ஜூன் மாசம் எடுத்துக்கோன்னு மனு குடுக்கறீங்களா?"

அப்போது உன் மாமா, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார். "எடுக்க வந்தா முதல்ல என்னைத்தான் எடுக்கணும், நான்தான் பொழுதன்னிக்கும் அங்க படுத்திருக்கேன்" என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லாரும் போன பிறகு கேட்டேன். படம் சொன்னது சரிதான். மூன்று வருடம் முன்பு என்ன, அதற்கும் முன்னாலிருந்தே மனிதர் மேல்காட்டில் உழவே இல்லை. ஏர் கட்டிக்கொண்டு போவார், மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, மரத்தடியில் ரேடியோ கேட்டுக்கொண்டு படுத்திருப்பார், வெயில் ஏறியதும் முகத்தில் மண்ணைப் பூசிக்கொண்டு வருவார். பன்றி தின்றுவிடும் என்று தெரிந்தும் ஏன் உழ வேண்டும் என்கிறார். உன் சாட்டிலைட் பார்த்ததை நான் பார்க்கவில்லை. இதைப் பற்றி நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இனி உன் கேள்வி. வனம் என்று போடாதே. தரிசு என்று போட்டால் நீ நினைத்ததுதான் நடக்கும். சாகுபடி என்றும் போடாதே, அது உன் மாமாவைக் காப்பாற்றியது போல ஆகும். காடு என்று போடு. உன் பட்டியலில் அந்தச் சொல் இல்லை என்றால் பட்டியலைத் திருத்து. நீ அங்கே உட்கார்ந்திருப்பதற்கு அதைக் கூடச் செய்யாவிட்டால் எப்படி?

கீழ்க்காட்டில் இந்த மழைக்குச் சோளம் போடுகிறோம். ஓடையோரம் முள்வேலி அடைக்க வேண்டும். மேல்காட்டைத் தொடப் போவதில்லை. பன்றி அங்கேயே இருக்கட்டும், நான் இங்கே இருக்கிறேன், இறங்கி வந்தால் பார்க்கலாம். பம்புக்காரனும் வேலி அடைக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்க மேல்காட்டிலிருந்து ஒரு கன்று கேட்டான். நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள் என்றேன்.

இரண்டு ஆள் போதாது. ஞாயிற்றுக்கிழமை வா. உன் அலுவலகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதே, அதைக் கையில் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிடுவேன். வெறுங்கையோடு வா. மண்வெட்டி இங்கே இருக்கிறது.

அக்கா